கலப்பு கோல்ஃப் ஆட்டங்களில் ஹேண்டிகேப்

கோல்ஃப் ஆட்டத்தில் திறன் குறைந்தவருக்கு வழங்கப்படும் அடிச்சலுகை ஹேண்டிகேப் எனப்படுகிறது. நன்கு ஆடுபவரும் சுமாராக ஆடுபவரும் ஒரே ஆட்டத்தில் சமமாக மோத இச்சலுகை வழிசெய்கிறது. 10 ஹேண்டிகேப் உள்ளவர் 90 அடிகளில் ஆட்டத்தை முடித்தால் அவரது நிகரக் கணக்கு 80. ஆணும் பெண்ணும் எதிரெதிராக ஆடும்போது இந்தக் கணக்கு எளிதாக இருக்கவில்லை. நெடுங்காலம் பெண்களின் ஹேண்டிகேப் ஒரு முறையிலும் ஆண்களின் ஹேண்டிகேப் வேறு முறையிலும் கணக்கிடப்பட்டன. இரண்டிலும் 10 என்ற எண் இருந்தது, ஆனால் இரண்டும் ஒரே 10 அல்ல. அவ்விரு எண்களையும் ஒன்றோடொன்று ஒப்பிடுவதற்கான முறை உருவாக நூறாண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

பேரம் பேசிய காலம்

ஹேண்டிகேப் என்ற சொல் கோல்ஃபுக்கு வெளியே பிறந்தது. ஆங்கில நாட்டில் இருவர் பொருள் மாற்றிக்கொள்ளும்போது நடுவர் ஒருவர் பொருள்களின் மதிப்பு வேறுபாட்டைச் சொல்வார். பந்தயப் பணத்தைத் தொப்பிக்குள் போட்டு, கையை உள்ளே விட்டு எடுத்துத் தம் சம்மதத்தையோ மறுப்பையோ இருவரும் காட்டுவர். தொப்பிக்குள் கை என்ற பொருளிலிருந்து வந்த சொல் அது. பின்னர் குதிரைப் பந்தயத்தில் வேகமான குதிரையின்மேல் கூடுதல் எடை ஏற்றும் வழக்கத்துக்கு அப்பெயர் சென்றது. அங்கிருந்து கோல்ஃபுக்கு வந்தது.

ஸ்காட்லாந்தில் பழங்காலத்தில் சலுகை என்பது ஆட்டத்துக்கு முன் இருவரும் பேசி முடிக்கும் பேரம். அதற்கென்று வழக்குச் சொற்கள் இருந்தன. மூன்றில் ஒன்று என்றால் 18 குழிகளுக்கு 6 அடி. பாதி என்றால் ஒரு குழி விட்டு ஒரு குழிக்கு ஓர் அடி, அதாவது 9. குழிக்கு ஓர் அடி என்றால் 18. ஒருவரையொருவர் நன்கு அறிந்தவர்கள் ஆடும் சிறு ஊரில் இது போதுமானதாக இருந்தது. பெண்கள் இந்தப் பேரத்துக்குள் வரவேயில்லை. செயின்ட் ஆண்ட்ரூஸில் 1867ல் தொடங்கிய மகளிர் சங்கம் பந்தைக் குழிக்குள் உருட்டும் ஆட்டத்தை மட்டுமே ஆடியது. 1890ல் வெளிவந்த பேட்மின்டன் நூல்வரிசையின் கோல்ஃப் நூலில் லார்ட் வெல்வுட் பெண்களின் அடி எழுபது எண்பது கஜத்துக்குள் இருப்பதே தகும் என்று கருத்துரைத்தார். அதற்குமேல் அடிக்க மட்டையைத் தோளுக்கு மேல் தூக்கவேண்டும், அது பெண்களின் உடைக்கும் நளினத்துக்கும் ஒவ்வாது என்பது அவர் வாதம். பெண்ணுக்கு எத்தனை அடி சலுகை தருவது என்ற கேள்விக்கு முன்பு, பெண் முழு மைதானத்தில் ஆடலாமா என்ற கேள்வி இருந்தது.

மகளிர் கோல்ஃப் ஒன்றியம்

1893ல் பிரிட்டனில் மகளிர் கோல்ஃப் ஒன்றியம் நிறுவப்பட்டது. விம்பிள்டனைச் சேர்ந்த இஸெட் பியர்சன் அதன் செயலாளர். மருத்துவரும் சாண்ட்விச்சின் ராயல் செயின்ட் ஜார்ஜஸ் மைதானத்தை உருவாக்கியவருமான லெய்ட்லா பர்வ்ஸ் அவருக்குத் துணைநின்றார். பிரிட்டிஷ் அமெச்சூர் போட்டியை இருமுறை வென்றவரும் அக்காலத்தின் செல்வாக்கு மிக்க கோல்ஃப் எழுத்தாளருமான ஹோரஸ் ஹட்சின்சன், பெண்களின் அமைப்பு நிலைக்காது என்று ஒன்றியத்தை நிறுவ முனைந்தோரில் ஒருவருக்குக் கடிதம் எழுதினார். அவ்வாண்டே லிதம் செயின்ட் ஆன்ஸில் முதல் மகளிர் சாம்பியன் போட்டி நடந்தது. இறுதியாட்டத்தில் இஸெட் பியர்சன் லேடி மார்கரெட் ஸ்காட்டிடம் தோற்றார்.

பியர்சனின் பெரும்பணி சாம்பியன் போட்டி அல்ல, ஹேண்டிகேப் முறைதான். அன்று ஆண்கள் சங்கங்களில் ஒவ்வொரு சங்கமும் தன் விருப்பப்படி ஹேண்டிகேப் வழங்கியது. சங்கத்தின் சிறந்த ஆட்டக்காரர் எவரோ அவருக்கு பூஜ்யம், அதாவது ஸ்கிராட்ச். மற்றவர்கள் அவரிலிருந்து அளக்கப்பட்டனர். ஓர் ஊரின் ஸ்கிராட்ச் ஆட்டக்காரர் அடுத்த ஊருக்குச் சென்றால் ஆறு அடி வாங்கவேண்டிய நிலையில் இருக்கலாம். பியர்சன் ஆட்டக்காரரை விட்டுவிட்டு மைதானத்தை அளந்தார். ஒவ்வொரு மைதானத்திலும் முதல்தரப் பெண் ஒருவர் எத்தனை அடிகளில் ஆடி முடிப்பார் என்பதை ஒன்றியம் நிர்ணயித்தது. ஹேண்டிகேப் அந்த எண்ணிலிருந்து கணக்கிடப்பட்டது. எனவே ஒரு பெண்ணின் ஹேண்டிகேப்பை அவர் எந்த மைதானத்துக்கும் எடுத்துச்செல்ல முடிந்தது. ஆட்டச் சீட்டுகளை ஒழுங்காக அனுப்பாத சங்கங்களைப் பியர்சன் விடாமல் நச்சரித்தார். அவரது கண்டிப்பு குறித்த மனத்தாங்கல்களும் இருந்தன.

பிரிட்டிஷ் ஆண்கள் இந்த நிலையை எட்ட 1920களின் நடுப்பகுதி வரை ஆயிற்று. 1924ல் பிரிட்டிஷ் கோல்ஃப் ஒன்றியங்களின் கூட்டு ஆலோசனைக் குழு அமைந்த பிறகே அவர்களுக்குப் பொதுவான அளவுகோல் வந்தது. ஆண்களால் செய்யமுடியாததைப் பெண்கள் பத்தாண்டுகளுக்குள் செய்துவிட்டனர் என்று கோல்ஃப் வரலாற்றாசிரியர் ராபர்ட் பிரௌனிங் பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார்.

ஆனால் இதில் ஒரு விளைவு மறைந்திருந்தது. பெண்களின் முறை பெண்களை மட்டுமே அளவாகக் கொண்டது. அதன் பூஜ்யம் சிறந்த பெண்ணின் ஆட்டம். ஆண்களின் பூஜ்யம் சிறந்த ஆணின் ஆட்டம். இரு முறைகளும் தத்தம் எல்லைக்குள் நேர்மையானவை. இரண்டுக்கும் நடுவே பாலம் இல்லை.

1910: லீச்சும் ஹில்டனும்

அந்தப் பாலத்தின் நீளம் எவ்வளவு என்று அறிய நடந்த புகழ்பெற்ற ஆட்டம் 1910 அக்டோபரில் வால்டன் ஹீத், சன்னிங்டேல் ஆகிய இரு மைதானங்களில் நிகழ்ந்தது. ஒவ்வொன்றிலும் 36 குழிகள், மொத்தம் 72.

ஹரால்ட் ஹில்டன் 1892, 1897 ஆகிய ஆண்டுகளில் ஓப்பன் சாம்பியன் பட்டத்தை வென்றவர். இன்றுவரை அப்பட்டத்தை வென்ற அமெச்சூர்கள் மூவரே. ஹில்டன் அவர்களில் ஒருவர், ஜான் பாலும் பாபி ஜோன்ஸும் மற்ற இருவர். செசில் லீச்சுக்கு அப்போது வயது 19. வட இங்கிலாந்தின் கடற்கரை ஊரான சில்லத்தில் மருத்துவர் ஒருவரின் மகளாகப் பிறந்து, சகோதரிகளுடன் கோல்ஃப் கற்றவர். 17 வயதில் செயின்ட் ஆண்ட்ரூஸில் நடந்த மகளிர் சாம்பியன் போட்டியில் அரையிறுதி வரை சென்று பெயர் பெற்றிருந்தார். பெரும்பட்டம் எதையும் அதுவரை வென்றிருக்கவில்லை.

ஹில்டன் பாதி தருவதாக ஒப்புக்கொண்டார். குழி விட்டுக் குழி ஓர் அடி, 18 குழிகளுக்கு 9 அடி. பழைய ஸ்காட்டியப் பேரச் சொல்தான். பெண்களின் முறைப்படியோ ஆண்களின் முறைப்படியோ கணக்கிட்டு எட்டிய எண் அல்ல. ஹில்டன் போன்ற ஓர் ஆண் முதல்தரப் பெண் எவருக்கும் பாதி கொடுத்து வெல்லமுடியும் என்ற நம்பிக்கை அப்போது பரவலாக இருந்தது, அதையே ஆட்டம் சோதித்தது. பெண்களின் வாக்குரிமைப் போராட்டம் உச்சத்தில் இருந்த ஆண்டுகள் அவை. ஆட்டம் வெறும் விளையாட்டாகப் பார்க்கப்படவில்லை.

சன்னிங்டேலில் 15 குழிகளே மீதமிருந்தபோது லீச் ஐந்து குழிகள் பின்தங்கியிருந்தார். அந்த நிலையிலிருந்து மீண்டு, 71ஆவது குழியில் ஆட்டத்தை முடித்தார். இரண்டு குழிகள் முன்னிலை, ஆட ஒரு குழி மிச்சம். லீச் அதன்பின் மகளிர் சாம்பியன் பட்டத்தை நான்குமுறை வென்றார். ஹில்டனும் சோடைபோகவில்லை, அடுத்த ஆண்டே பிரிட்டிஷ், அமெரிக்க அமெச்சூர் பட்டங்கள் இரண்டையும் வென்றார்.

72 குழிகளில் 36 அடிகள் வாங்கியபின் இரண்டு குழி வேறுபாட்டில் முடிந்த ஆட்டத்தில் சலுகை ஏறத்தாழச் சரியாகவே அமைந்தது என்று சொல்லவேண்டும். நிறுவப்பட்டது அவ்வளவே. ஒரு குறிப்பிட்ட ஆணுக்கும் ஒரு குறிப்பிட்ட பெண்ணுக்கும் 9 பொருந்தியது. எந்த ஆணுக்கும் எந்தப் பெண்ணுக்கும் பொருந்தும் எண் எது என்பதற்கு அதில் விடை இல்லை.

கலப்பு ஃபோர்சம்ஸ்

கேள்வியைத் தீர்க்காமலேயே தாண்டிச்செல்ல கோல்ஃப் சங்கங்கள் ஒரு வழி கண்டன. அது கலப்பு ஃபோர்சம்ஸ். இரண்டு பேர் கொண்ட இரு அணிகள், ஒவ்வோர் அணியிலும் ஓர் ஆண், ஒரு பெண். அணிக்கு ஒரு பந்து, இருவரும் மாறி மாறி அடிப்பர். இரு பக்கமும் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இருப்பதால் இருவகை ஹேண்டிகேப்களுக்கும் இடையேயான வேறுபாடு தானாகவே கழிந்துவிடும். சர்ரே மாவட்டத்தின் வொர்ப்ள்ஸ்டன் சங்கத்தில் 1921ல் தொடங்கிய கலப்பு ஃபோர்சம்ஸ் போட்டி இவ்வகையில் மிகப் புகழ்பெற்றது. ஜாய்ஸ் வெதர்ட் அதை ஏழு வெவ்வேறு துணைகளுடன் எட்டுமுறை வென்றார்.

வெதர்ட் 1930ல் செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய மைதானத்தில் பாபி ஜோன்ஸுடன் ஆடினார். ஆண்களின் பின்மேடைகளிலிருந்து, சலுகை ஏதுமின்றி 75 அடிகளில் முடித்தார். தான் பார்த்த ஆட்டக்காரர்களில், ஆண் பெண் இருபாலரிலும், அவருக்கு இணையானவரைக் காண்பது அரிது என்ற பொருளில் ஜோன்ஸ் எழுதினார். வெதர்ட் போன்றவரை வைத்துச் சராசரிப் பெண்ணின் சலுகையை நிர்ணயிக்கமுடியாது என்பது வேறு.

மைதானத்தை அளக்கும் கலை

விடை அமெரிக்காவில் மெதுவாக உருவானது. அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1911ல் நாடு தழுவிய ஹேண்டிகேப் முறையை ஏற்றபோது, சிறந்த அமெச்சூரான ஜெரோம் டிராவர்ஸ் ஒரு மைதானத்தை எப்படி ஆடுவார் என்பதை அளவாகக் கொண்டது. பியர்சன் ஏற்கெனவே செய்திருந்ததன் ஆண் வடிவம் இது. பிற்காலத்தில் பெயருள்ள மனிதருக்குப் பதில் கற்பனை மனிதர்கள் வந்தனர். ஸ்கிராட்ச் ஆண் முதல் அடியில் 250 கஜம் அனுப்புவார், 470 கஜக் குழியை இரண்டு அடியில் எட்டுவார். ஸ்கிராட்ச் பெண் 210 கஜம் அனுப்புவார், 400 கஜக் குழியை இரண்டு அடியில் எட்டுவார். இதேபோல் நடுத்தர ஆட்டக்காரரான போகி ஆணும் போகி பெண்ணும் வரையறுக்கப்பட்டனர். ஆணுக்கு 200 கஜம், பெண்ணுக்கு 150 கஜம்.

இந்த நான்கு கற்பனை மனிதர்களின் கண்கொண்டு ஒவ்வொரு தொடக்கமேடையிலிருந்தும் மைதானம் அளக்கப்படுகிறது. மணற்குழி, நீர்நிலை, மரங்கள், காற்று ஆகியவை கணக்கில் சேரும். எனினும் முதன்மையானது நீளம். ஸ்கிராட்ச் ஆணுக்கு நீளத்தை 220ஆல் வகுத்து 40.9 கூட்டவேண்டும். ஸ்கிராட்ச் பெண்ணுக்கு 180ஆல் வகுத்து 40.1. 6000 கஜ மைதானத்தில் ஆணுக்கு ஏறத்தாழ 68.2, பெண்ணுக்கு 73.4 வரும். ஒரே மேடையிலிருந்து, தத்தம் பாலில் தலைசிறந்த இருவருக்கிடையே ஐந்தே கால் அடி இடைவெளி. 1910ன் ஒன்பதோடு ஒப்பிட இது குறைவு. லீச்சின் காலத்தில் பெண்கள் நீண்ட பாவாடையோடு ஆடினர், காற்றில் அது பறக்காமல் இருக்க முழங்காலருகே ரப்பர் பட்டை மாட்டிக்கொண்டனர் என்பதையும் நினைவில் கொள்ளலாம்.

போகி ஆட்டக்காரர்களுக்கான வாய்பாட்டில் வகுக்கும் எண்கள் 160, 120. கூட்டும் எண்கள் 50.7, 51.3. அதே 6000 கஜத்தில் ஆணுக்கு 88.2, பெண்ணுக்கு 101.3 வரும். இடைவெளி 13 அடி! மேல்மட்டத்தில் ஐந்தாக இருந்தது நடுமட்டத்தில் பதின்மூன்றாக விரிகிறது. பெண்ணுக்கு ஐந்து கொடு, ஆறு கொடு என்று எல்லோருக்கும் ஒரே எண்ணைச் சொல்லும் சங்க வழக்கங்கள் ஏன் தோற்றன என்பதை இந்த இரண்டு எண்கள் காட்டிவிடுகின்றன.

இந்த விரிவைக் கணக்கில் கொண்டுவந்தவர் டீன் கனூத். அமெரிக்கக் கடற்படையில் பணியாற்றியவர், பின்னர் அமெரிக்க கோல்ஃப் சங்கத்தின் ஹேண்டிகேப் துறைக்குத் தலைவரானார். ஸ்கிராட்ச் ஆட்டக்காரருக்கும் போகி ஆட்டக்காரருக்கும் ஒரு மைதானம் எந்த வீதத்தில் கடினமாகிறது என்பதைக் காட்டும் ஸ்லோப் என்னும் எண்ணை அவர் உருவாக்கினார். 1982ல் கொலராடோவில் சோதிக்கப்பட்டு 1987ல் அமெரிக்கா முழுவதும் பரவியது. மிகக் குறைந்த ஸ்லோப் 55, மிக அதிகம் 155, பொது அளவு 113.

ஒரே 90

இக்கணக்கு கலப்பு ஆட்டத்தில் எப்படி வேலைசெய்கிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் காணலாம். ஒரு வெள்ளை மேடை. பார் இருபாலருக்கும் 72. ஆண்களுக்கு மைதான மதிப்பு 69.5, ஸ்லோப் 121. பெண்களுக்கு மதிப்பு 75.1, ஸ்லோப் 131. ஓர் ஆணும் ஒரு பெண்ணும் அதே மேடையிலிருந்து எப்போதும் 90 அடிகளில் ஆடுகிறார்கள் என்று கொள்வோம்.

ஹேண்டிகேப் எண்ணைக் காண, அடிகளிலிருந்து மைதான மதிப்பைக் கழித்து, 113ஆல் பெருக்கி, ஸ்லோப்பால் வகுக்கவேண்டும். ஆணுக்கு 20.5ஐ இவ்வாறு மாற்றினால் 19.1. பெண்ணுக்கு 14.9ஐ மாற்றினால் 12.9. சங்கத்தின் அறிவிப்புப் பலகையைப் பார்ப்பவருக்குப் பெண் ஆறு அடிகள் கூடுதல் திறமை உள்ளவராகத் தோன்றும். ஆணுக்கு ஆறு அடி சலுகை தரவேண்டும் என்றுகூட ஒருவர் சொல்லலாம். பழைய கலப்பு ஆட்டங்களின் பிழை இதுதான். இருவரும் அடிப்பது ஒரே 90.

இப்போது அதே மேடையில் ஆட அவர்களின் சலுகையைக் கணக்கிட, எண்ணை ஸ்லோப்பால் பெருக்கி, 113ஆல் வகுத்து, மைதான மதிப்புக்கும் பாருக்கும் உள்ள வேறுபாட்டைச் சேர்க்கவேண்டும். ஆணுக்கு 20.5ல் 2.5 குறைந்து 18. பெண்ணுக்கு 14.9உடன் 3.1 கூடி 18. இருவருக்கும் ஒரே சலுகை, யாரும் யாருக்கும் எதுவும் தரவேண்டியதில்லை. அதே மேடையில் 12.9 எண் கொண்ட வேறோர் ஆண் வந்தால் அவருக்குக் கிடைப்பது 11. நேருக்கு நேர் ஆட்டத்தில் அவர் அந்தப் பெண்ணுக்கு 7 அடிகள் தரவேண்டும். இருவருக்கும் பலகையில் ஒரே எண் இருக்க, ஏழு அடி கொடுப்பது ஏன் என்று முணுமுணுக்கும் ஆண்கள் எந்தச் சங்கத்திலும் உண்டு. அவர்களுக்கான விடை மேலே உள்ள கழித்தல் கணக்கிலேயே இருக்கிறது.

பெண் முன்மேடையிலிருந்தும் ஆண் பின்மேடையிலிருந்தும் ஆடினாலும் இதே கணக்குத்தான், அந்தந்த மேடையின் எண்கள் வரும். முன்மேடை தந்தபிறகு சலுகையும் எதற்கு என்பது இன்னொரு பழைய கேள்வி. முன்மேடையின் நீளக் குறைவு மைதான மதிப்பில் ஏற்கெனவே கழிக்கப்பட்டிருப்பதால் சலுகையும் அதற்கேற்பக் குறைகிறது. இருமுறை கொடுப்பது இல்லை.

எந்தக் குழிகளில் அந்த அடிகள் விழும் என்பதும் சச்சரவுக்கு உரியது. குழிகளின் கடின வரிசை ஆண்களின் சீட்டில் ஒன்றாகவும் பெண்களின் சீட்டில் வேறாகவும் அச்சாகியிருக்கும். ஆணுக்குப் பார் 4 ஆன நீண்ட குழி பெண்ணுக்குப் பார் 5 ஆவதும் உண்டு. பாரின் அடிப்படையில் புள்ளிகள் தரும் ஸ்டேபிள்ஃபோர்ட் ஆட்டத்தில் இதனால் பெண்ணுக்கு அனுகூலம் என்ற புகார் எழும். பாருக்கும் மைதான மதிப்புக்கும் உள்ள வேறுபாட்டைச் சேர்ப்பது இதைச் சரிசெய்யத்தான்.

உலக முறை

2020 ஜனவரியில் உலக ஹேண்டிகேப் முறை நடைமுறைக்கு வந்தது. அதுவரை உலகில் ஆறு முறைகள் இருந்தன. பிரிட்டனும் அயர்லாந்தும் ஒரு முறை, ஐரோப்பா ஒன்று, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா, அர்ஜென்டினா ஆகியவை தனித்தனி. புதிய முறையில் கடைசி 20 ஆட்டங்களில் சிறந்த 8இன் சராசரியே ஹேண்டிகேப் எண். முன்பு அமெரிக்காவில் அதிகபட்ச எண் ஆண்களுக்கு 36.4, பெண்களுக்கு 40.4 என்று இருந்தது. இப்போது இருபாலருக்கும் 54. பியர்சனின் ஒன்றியம் நடத்திவந்த பெண்களுக்கான தனி ஹேண்டிகேப் முறை 2004லேயே பிரிட்டனின் பொதுமுறையில் கலந்துவிட்டது. ஒன்றியமே 2017ல், செயின்ட் ஆண்ட்ரூஸின் ஆர் அண்ட் ஏ அமைப்போடு இணைந்தது. அந்தப் பெயரைத் தந்த ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் சங்கம் பெண்களை உறுப்பினராக ஏற்க முடிவெடுத்தது 2014ல்தான்.

குறை தீர்ந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. ஒரு மேடை பெண்களுக்காக அளக்கப்படாவிட்டால் அங்கே இந்தக் கணக்கே கிடையாது. பின்மேடைகளைப் பெண்களுக்காக அளக்காமல் விட்ட சங்கங்கள் பல. முன்மேடையை மகளிர் மேடை என்று அழைப்பதை விட்டு வண்ணத்தால் அழைக்கவும், ஒவ்வொரு மேடையையும் இருபாலருக்கும் அளக்கவும் ஆட்சி அமைப்புகள் வலியுறுத்தி வருகின்றன. முன்மேடையில் ஆடவிரும்பும் வயதான ஆண்களுக்கும் இதனால் நன்மை. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் புதிய முறை வந்தபோது மைதான மதிப்புக்கும் பாருக்கும் உள்ள வேறுபாட்டைச் சேர்க்கும் படி விடப்பட்டது. கலப்பு ஆட்டங்களுக்குத் தனிச் சரிக்கட்டல் போடவேண்டியிருந்தது. 2024 ஏப்ரலில் அதுவும் சேர்க்கப்பட்டது.

தொழில்முறை ஆட்டம்

தொழில்முறைப் போட்டிகளில் ஹேண்டிகேப் கிடையாது. 2003ல் அனிகா சோரன்ஸ்டாம் டெக்சாஸின் கலோனியல் ஆண்கள் போட்டியில் அதே மேடைகளிலிருந்து ஆடி 71, 74 அடித்து, நான்கு அடிகளில் அடுத்த சுற்று வாய்ப்பை இழந்தார். பின்னர் சில போட்டிகள் சலுகையை அடிகளில் தராமல் கஜங்களில் தந்தன. ஸ்வீடனில் 2021 முதல் நடந்த ஸ்காண்டினேவியன் மிக்ஸ்ட் போட்டியில் ஆண்களும் பெண்களும் ஒரே பட்டத்துக்கு, ஒரே பரிசுத்தொகைக்கு ஆடினர். பெண்களின் மேடைகள் முன்னால் வைக்கப்பட்டன. முதலாண்டில் வட அயர்லாந்தின் ஜொனாதன் கால்ட்வெல் வென்றார். 2022ல் ஹால்ம்ஸ்டாடில் ஸ்வீடனின் லின் கிரான்ட் பாருக்கு 24 அடிகள் குறைவாக ஆடி, ஒன்பது அடி முன்னிலையில் வென்றார். ஐரோப்பிய ஆண்கள் சுற்றின் போட்டி ஒன்றை ஒரு பெண் வென்றது அதுவே முதல்முறை. மேடைகளைச் சற்று அதிகமாகவே முன்னால் வைத்துவிட்டார்களோ என்று பேச்சு எழுந்தது. ஆனால் அந்த மேடைகளிலிருந்தே ஆடிய மற்ற பெண்கள் எவரும் இரண்டாமிடத்துக்கு வரவில்லை. அவ்விடத்தைப் பகிர்ந்துகொண்டவர்கள் ஹென்ரிக் ஸ்டென்சனும் மார்க் வாரனும்.